பக்கத்து வீட்டுப் பாடகன்

செத்துப்போன பாடகர்களை விமரிசிப்பது கஷ்டம். அதுவும் 26 வயதில், புகழின் உச்சியில், ஒரு கார் விபத்தில் போய்ச்சேர்ந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். குரல் எப்படி, பாட்டு தேறுமா, எந்த ஆல்பம் சுமார் என்றெல்லாம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மாலை போட்டு, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கும்பிடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பாட்டைக் கேட்க வேண்டியதில்லை.

டோஷே ப்ரோயெஸ்கிக்கு நடந்தது அதுதான்.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. மாஸிடோனியாக்காரர். 1981 ஜனவரி 25-ல் பிறந்து 2007 அக்டோபர் 16-ல் இறந்தார். மறுநாள் நாடு முழுக்க துக்க தினம். ராணுவ மரியாதை, அரசாங்கச் செலவில் இறுதிச் சடங்கு. ஒரு பாப் பாடகனுக்கு! அதைவிட ஆச்சரியம் எல்லைக்கு அப்பால் நடந்தது. செர்பியாவில் அழுதார்கள். குரோஷியாவில் அழுதார்கள். பாஸ்னியாவில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்புவரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த ஜனங்கள், ஒரே பையனுக்காக ஒரே நாளில் அழுதார்கள்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவசரத்தில் 'பால்கன் பிரதேசத்தின் எல்விஸ் பிரெஸ்லி' என்று எழுதிவிட்டன. தெரியாத ஆளைத் தெரிந்த ஆளோடு முடிச்சுப்போடுகிற வழக்கமான வேலை. எல்விஸ் இடுப்பை ஆட்டிப் பெற்றோர்களைப் பயமுறுத்தியவர். டோஷேயோ பெற்றோர்களுக்கு ரொம்பப் பிடித்த பையன். சர்ச்சுக்குப் போகிறவன், தர்மத்துக்குக் கச்சேரி பண்ணுகிறவன், எந்தக் கிசுகிசுவிலும் பெரிதாகச் சிக்காதவன். எல்விஸோடு ஒப்பிடுவதால் ஒன்றும் புரியாது. அவரைப் புரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பூகோளமும் கொஞ்சம் இலக்கணமும் தேவை. பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

*

முதலில் பூகோளம்.

யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தது. உடையும்போது அதில் சுமார் 2 கோடியே 35 லட்சம் பேர் இருந்தார்கள். ஆறு குடியரசுகள். பெல்கிரேடில் ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனி, ஸாக்ரெபில் ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனி. எந்த மூலையில் பிறந்தவனானாலும் நன்றாகப் பாடினால் இந்த இரண்டு ஊர் வழியாக நாடு முழுக்கப் பரவிவிடலாம். தெற்குக் கோடியில் இருந்த மாஸிடோனியாவின் பாடகர்களும் அப்படித்தான் பிழைத்தார்கள்.

1991-ல் நாடு உடைந்தது. குரோஷியாவிலும் பாஸ்னியாவிலும் 1995 வரை போர். மாஸிடோனியா 1991 செப்டம்பர் 8-ல் ஒரு குண்டும் வெடிக்காமல் பிரிந்துவந்தது. ஆனால் பெயரில் வந்தது வினை. மாஸிடோனியா என்பது எங்கள் மாகாணத்தின் பெயர், அலெக்ஸாண்டர் எங்கள் ஆள் என்று பக்கத்து கிரீஸ் ஆட்சேபித்தது. 1993-ல் ஐ.நா. சபையில் சேர்த்துக்கொண்டபோது 'மாஸிடோனியா என்னும் முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசு' என்று ரயில்வண்டி நீளத்துக்கு ஒரு தாற்காலிகப் பெயர் கொடுத்தார்கள். அந்தத் தாற்காலிகம் 2019 பிப்ரவரி வரை நீடித்தது. இப்போது வட மாஸிடோனியா.

ஆக, 20 லட்சம் பேர் கொண்ட நாடு. சொந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாத நாடு. ஒரு பாடகனுக்கு அதன் அர்த்தம் என்ன? கேசட் விற்கிற சந்தை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. உள்ளூரிலேயே பாடிக்கொண்டிருந்தால் கல்யாண வீட்டில் பாடி வயிறு கழுவலாம். பெரிய ஆளாக வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். வெளியே என்றால் எங்கே? இந்தக் கேள்விதான் டோஷேயின் மொத்த வாழ்க்கையும்.

அவர் வளர்ந்த ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்தது பிரிலெப் நகரத்தில், வளர்ந்தது குரூஷெவோ என்ற மலையூரில். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,350 மீட்டர். 1903-ல் துருக்கிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பி, ஒரு குடியரசைப் பிரகடனம் செய்து, அது பத்தே நாளில் நசுக்கப்பட்ட ஊர். அந்தப் பத்து நாளை மாஸிடோனியப் பிள்ளைகள் இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். அந்த ஊரில் வ்லாக் என்று ஓர் இனம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சூறையாடப்பட்ட மோஸ்கோபோலே என்ற ஊரிலிருந்து தப்பி வந்தவர்களின் வம்சம் அதில் நிறைய. வீட்டில் பேசுவது ருமேனிய மொழிக்குச் சொந்தக்கார மொழி. தெருவில் பேசுவது மாஸிடோனியன். 2002 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வ்லாக்குகள் 9,695 பேர். டோஷே அந்த இனத்துப் பையன். பிற்பாடு மாஸிடோனியாவின் ஆத்மா என்று கொண்டாடப்பட்டவன், அந்த நாட்டின் மிகச் சின்னச் சிறுபான்மை ஒன்றிலிருந்து வந்தவன். இதைக் கொண்டாடியவர்கள் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

*

பன்னிரண்டு வயதில் ஸ்கோப்யேயில் நடக்கும் பிரபலமான குழந்தைகள் பாட்டு விழாவில் பாடினார். 1996-ல் பிரிலெப் ஊரின் மெல்ஃபெஸ்ட் விழா. அப்புறம் வரிசையாகப் பாட்டு விழாக்கள். அந்தப் பக்கத்தில் பாடகன் ஆவதற்கு இதுதான் ராஜபாட்டை. ஸ்கோப்யே இசைக் கல்லூரியில் முறையாகப் பாட்டும் படித்தார். 1999-ல் முதல் ஆல்பம், 'இரவில் எங்கோ'. 2000-த்தில் 'கடவுளின் மகன்'. இரண்டும் உள்ளூரில் பிரமாதமாகப் போயின. அப்போது வயது 19.

இந்த ஆரம்ப ஆல்பங்களை இன்று கேட்டால் குரல் இருக்கிறது, பாட்டு இல்லை. மன்னிக்கவும், அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. ஃபார்முலா உங்களுக்கே தெரியும். பியானோ தனியாக ஆரம்பிக்கும். பையன் கிசுகிசுப்பான். இரண்டாவது சரணத்தில் வயலின்கள் வந்து சேரும். பாதியில் எல்லாம் நின்று ஒரு நொடி மௌனம். அப்புறம் சுருதியை ஒரு படி ஏற்றிவிட்டு, உச்ச ஸ்தாயியில் ஒரு நீளமான கூவல். கைதட்டல். அந்தக் கூவலை அவர் அபாரமாகச் செய்தார் என்பது உண்மை. எல்லாப் பாட்டிலும் செய்தார் என்பதும் உண்மை.

கொஞ்சம் நல்ல குரல், நல்ல முகம், சோகக் காதல். இப்படிப் பாடுகிற பையன்கள் அட்ரியாடிக் கடலோரத்திலிருந்து இஸ்தான்புல் வரை ஊருக்கு ஒருத்தன் உண்டு. டோஷே அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அவர் செய்த வேறு காரியம் இது. 2003-ல் பெல்கிரேடுக்குப் போய் 'பெயோவிஸியா' என்ற செர்பியப் பாட்டு விழாவில், செர்பிய மொழியில், 'சியா ஸி' என்ற பாட்டைப் பாடினார். 'நீ யாருடையவள்' என்று அர்த்தம். முதல் பரிசு. செர்பியாவின் சொந்தப் பாட்டு விழாவில் வெளிநாட்டுப் பையன் ஜெயித்தான். அதற்கப்புறம் பெரும்பாலான ஆல்பங்களை இரண்டு தடவை பாடினார். 2004-ல் 'நமக்கென ஒரு நாள்', மாஸிடோனியனில் ஒன்று, செர்போ குரோஷியனில் ஒன்று. 2005 ஆல்பமும் அப்படியே. 2007-ல் வந்த 'எல்லைகளற்ற ஆட்டம்' அப்படியே. ஒரே மெட்டு, ஒரே வாத்தியங்கள். குரல் மட்டும் மறுபடி முதலிலிருந்து.

இதிலென்ன பிரமாதம், மொழி மாற்றிப் பாடுவது எல்லாரும் செய்வதுதானே என்பீர்கள். இங்கேதான் இலக்கணம் வருகிறது.

மாஸிடோனியனும் செர்பியனும் சகோதர மொழிகள். ஒருத்தர் பேசுவது மற்றவருக்கு முக்கால்வாசி புரியும். ஆனால் செர்பியனில் ஏழு வேற்றுமைகள் உண்டு. மாஸிடோனியன் அவற்றை ஏறக்குறைய மொத்தமாக உதறிவிட்டது. அடுத்தது, செர்பியனில் குறில் நெடில் வித்தியாசம் உண்டு, மாஸிடோனியனில் கிடையாது. நமக்கு இதன் விபரீதம் சொல்லாமலே புரியும். 'பல்' என்பதைப் 'பால்' என்று இழுத்தால் பாட்டு என்ன கதியாகும்! மூன்றாவது, அழுத்தம். மாஸிடோனியனில் நீளமான சொல் எதுவானாலும் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில்தான் அழுத்தம் விழும், கடிகாரம் மாதிரி. செர்பியனில் அப்படி நிலையான இடமில்லை. பாட்டில் எந்த எழுத்தை நீட்டுவது, எதை விழுங்குவது என்பது மொத்தமாக மாறிவிடும். ஒரே மெட்டில் இரண்டு மொழியையும் உட்காரவைப்பது ஒரே சட்டையை இரண்டு அளவுக்காரர்களுக்குப் போட்டுவிடுவது மாதிரி.

டோஷேயின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மொழி தெரியவேண்டியதில்லை. மாஸிடோனியனில் வரிகள் கொஞ்சம் துள்ளுகின்றன, கொஞ்சம் கரகரப்பு. செர்பியனில் அதே இடங்களில் குரல் சாய்ந்து உட்கார்ந்து நீள்கிறது. ஒன்றை இன்னொன்றின் டப்பிங் என்று சொல்ல முடியாது. இரண்டுமே ஒரிஜினல். அவரைப் பற்றி எழுதியவர்கள் உச்ச ஸ்தாயியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினார்கள். உண்மையான சாமர்த்தியம் இந்த உயிரெழுத்துகளில் இருக்கிறது.

இன்னும் ஒரு நுணுக்கம். செர்பியர்களும் குரோஷியர்களும் பேசுவது அடிப்படையில் ஒரே மொழி. ஆனால் போருக்குப்பின் அப்படிச் சொன்னால் இரண்டு பேருமே அடிக்க வருவார்கள். சின்னச்சின்ன உச்சரிப்பு வித்தியாசங்கள் எல்லைக் கற்களாக மாறிப்போயின. புன்னகைக்கு பெல்கிரேடில் 'ஒஸ்மேஹ்'. ஸாக்ரெபில் 'ஒஸ்மியேஹ்'. ஒரு 'ய'கரம்தான் வித்தியாசம். அதை வைத்தே நீ எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 1990-களில் குரோஷிய வானொலியில் செர்பியப் பாட்டைக் கேட்பதே அபூர்வம்.

டோஷே என்ன செய்தார்? அன்டோனியா ஷோலா என்ற குரோஷியப் பாடகியுடன் ஜோடிப் பாட்டு பாடினார். தலைப்பு, 'வோலிம் ஒஸ்மியேஹ் த்வோய்'. உன் புன்னகையை நேசிக்கிறேன். 'ய'கரத்தோடு! பெல்கிரேடில் பாடியபோது அந்த ஊர் வழக்கு. அந்தந்த வீட்டுக்குப் போனால் அந்தந்த வீட்டுப் பேச்சு. மாஸிடோனியாக்காரர் என்பதால் இது சாத்தியமாயிற்று. அந்தப் போரில் அவருடைய நாடு எந்தப் பக்கமும் இல்லை. ஒரு செர்பியப் பாடகர் 'ஒஸ்மியேஹ்' என்றால் சொந்த ஊரில் துரோகி. இந்தப் பையன் சொன்னால், அட, நம்ம வீட்டு வழக்கைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறானே என்று சந்தோஷம். பெயரைச் சொல்லமுடியாத குட்டி நாட்டில் பிறந்ததன் ஒரே லாபத்தை அவர் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார்.

இது வியாபாரமும்தான், சந்தேகமில்லை. இரண்டு ஆல்பம் போட்டால் இரட்டை விற்பனை. ஆனால் வியாபாரத்துக்காக மட்டும் செய்பவன் ஏழு வேற்றுமையோடு மல்லுக்கு நிற்கமாட்டான். அரைகுறையாகப் பாடினாலே அந்த முகத்துக்கு விற்றிருக்கும்.

*

இதற்கு நேர்மாறான பரிசோதனையும் நடந்தது. அதன் முடிவு எண்களில் இருக்கிறது.

2004 மே மாதம், இஸ்தான்புல். யூரோவிஷன் பாட்டுப் போட்டி. ஐரோப்பா முழுக்க டி.வி. முன்னால் உட்காருகிற திருவிழா. மாஸிடோனியா அந்த ரயில்வண்டிப் பெயரில் டோஷேயை அனுப்பியது. உள்ளூரில் 'ஆங்கெல் ஸி தி', அதாவது 'நீ ஒரு தேவதை' என்றிருந்த பாட்டை ஆங்கிலத்துக்கு மாற்றி 'லைஃப்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். வேகமான பாட்டு. உலகத்துக்கே பொதுவான உற்சாகம், உலகத்துக்கே பொதுவான அறிவுரை. அரையிறுதியைத் தாண்டினார். இறுதியில் 24 நாடுகளில் 14-வது இடம். 47 புள்ளிகள்.

அதே மேடையில், அதே இரவில், செர்பியா மாண்டெநெக்ரோ சார்பில் ஜெல்கோ யோக்ஸிமோவிச் பாடினார். 'லானே மொயே' என்ற மெதுவான பாட்டு, சொந்த மொழியில், பால்கன் சாயல் கொஞ்சமும் குறையாமல். 263 புள்ளிகள், இரண்டாவது இடம். ஐரோப்பாவில் முக்கால்வாசிப் பேருக்கு அதில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது.

உடனே 'பார்த்தீர்களா, தாய்மொழியில் பாடினால் ஜெயம், ஆங்கிலத்தில் பாடினால் தோல்வி' என்று தீர்ப்பு எழுதவேண்டாம். அவ்வளவு சுலபமில்லை. அந்த வருஷம் முதல் பரிசு வாங்கிய உக்ரைனின் ருஸ்லானா பாதி ஆங்கிலம், பாதி உக்ரைன் மொழி. மாஸிடோனியாவின் கலியோபி 2012-ல் தாய்மொழியில் பாடி 13-வதாகத்தான் வந்தார். வட மாஸிடோனியாவுக்கு இதுவரை கிடைத்த மிக நல்ல இடம் 2019-ல் தமாரா தொதெவ்ஸ்காவுக்குக் கிடைத்த ஏழாவது இடம். அது ஆங்கிலப் பாட்டு. எனவே குற்றவாளி ஆங்கிலமல்ல.

'லைஃப்' பாட்டைக் கேட்டால் காரணம் தெரியும். அதில் யாரோடு பேசுகிறோம் என்று பாடகனுக்கே தெரியவில்லை. பெல்கிரேடில் பாடும்போது எதிரில் யார் என்று அவருக்குத் தெரியும். அவர்கள் எந்தச் சொல்லில் சிரிப்பார்கள், எந்த உயிரெழுத்தில் கண் கலங்குவார்கள் என்று தெரியும். 'ஐரோப்பா' என்ற மொத்தக் கூட்டத்துக்குப் பாடும்போது அவரிடம் மிச்சமிருந்தது சுறுசுறுப்பும் பல்வரிசையும்தான். உலகத்தை நோக்கிப் பாடியபோது 14-வது. பக்கத்து வீட்டை நோக்கிப் பாடியபோது முதலாவது.

*

2006-ல் அவர் போட்ட ஆல்பத்தைத்தான் நீங்கள் கேட்கவேண்டும். பெயர் 'போஷிலாக்'. வானவில் என்று அர்த்தம். புதுப் பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் பரம்பரையாகப் பாடப்பட்டு வந்த 14 மாஸிடோனியப் பாட்டுகள், பின்னணியில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. 25 வயசு பாப் ஸ்டார், உச்சத்தில் இருக்கும்போது, பாட்டிகளின் பாட்டுகளை எடுக்கிறார். அபாயமான காரியம். ஆர்க்கெஸ்ட்ராவோடு நாட்டுப்பாட்டு என்றால் சாதாரணமாக என்ன ஆகும்? விமானக் கம்பெனி விளம்பரம் மாதிரி ஆகிவிடும். இதிலும் ஒன்றிரண்டு இடங்களில் வயலின்கள் அநியாயத்துக்கு உருகுகின்றன. ஆனால் குரல் உருகவில்லை. அதுதான் அதிசயம்.

மாஸிடோனிய நாட்டுப்பாட்டுகளின் தாளம் விசித்திரமானது. நாலு நாலாக எண்ணிக் காலைத் தட்டினால் ஏமாந்துபோவீர்கள். நிறையப் பாட்டுகள் ஏழு மாத்திரை. மூணு, ரெண்டு, ரெண்டு. மிச்ர சாபு பழகிய காதுகளுக்கு சட்டென்று பிடிபடும். மேற்கத்திய பாப் காதுகளுக்குக் கால் இடறும். அந்த ஏழில் கூவலுக்கு இடம் கிடையாது. நீளமாக இழுத்தால் அடுத்த தட்டு போய்விடும். அவருடைய பழைய வித்தைகள் ஒன்றும் இங்கே செல்லுபடியாகவில்லை. அதனால் முதல்முறையாகச் சும்மா பாடுகிறார். வரியைச் சொல்லிவிட்டு நகர்கிறார். இத்தனை நாள் அந்தக் குரலுக்குள் இருந்தது இதுதானா என்று இருக்கிறது.

அதில் 'ஸய்தி ஸய்தி' என்று ஒரு பாட்டு. பழைய நாட்டுப்பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். அதைத் தந்தவர் அலெக்ஸாந்தர் சாரியெவ்ஸ்கி. 1922-ல் பிறந்து 2002-ல் இறந்த மகா பாடகர். தனக்குப் பெயர் இல்லாதபடி பாட்டு ஊர்ச்சொத்தாகிவிடுவது எவ்வளவு பெரிய பாக்கியம்! வயதானவன் ஒருத்தன் அஸ்தமன சூரியனோடும் காட்டோடும் பேசுகிறான். காட்டுக்கு இலைகள் திரும்பி வரும், எனக்கு இளமை வராது என்ற துக்கம். இதைக் கிழவர்கள்தான் பாடுவார்கள், பாடவேண்டும். 25 வயதுப் பையன் பாடினால் பாவனையாகத்தான் இருக்கும். டோஷே பாவனை பண்ணவில்லை. குரலைக் கிழமாக்கிக்கொள்ளவில்லை. ஒரு பையன், தாத்தா பாடுவதை மனப்பாடமாகச் சொல்வதுபோல், சின்ன மரியாதையோடு பாடிவிட்டு விலகிக்கொள்கிறார்.

அடுத்த வருஷமே அவர் இறந்துபோனதால் இந்தப் பாட்டை இப்போது யாராலும் நேராகக் கேட்கமுடிவதில்லை. தன் மரணத்தை முன்கூட்டியே பாடிவைத்தான் என்கிறார்கள். இதுதான் நான் சொன்ன கும்பிடு. அவர் எதையும் முன்கூட்டிப் பாடவில்லை. ஒரு நல்ல பாட்டை அடக்கத்தோடு பாடினார். அதுவே போதாதா? அவருக்கு ஜோசியம் தெரிந்திருந்தது என்று சொன்னால், தொழில் தெரிந்திருந்தது என்பது மறைந்துபோகிறது.

*

மரணத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2007 அக்டோபர் 5-ல் ஸ்கோப்யே ஸ்டேடியத்தில் பெரிய கச்சேரி. ஆரம்பப் பள்ளிகளுக்கு நிதி திரட்ட. 2004-லிருந்தே யுனிசெஃப் அமைப்பின் நல்லெண்ணத் தூதராகவும் இருந்தவர் அவர். பதினோரு நாள் கழித்து, விடிகாலையில், ஸாக்ரெப் நோக்கிப் போய்க்கொண்டிருந்த கார், குரோஷியாவில் நோவா கிராதிஷ்கா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு லாரியின் பின்புறம் மோதியது. டோஷே தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ரோட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. டிட்டோ காலத்தில், இளைஞர் படைகளை வைத்து மண் சுமந்து போட்ட நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. பெல்கிரேடையும் ஸாக்ரெபையும் இணைத்து 1950-ல் திறந்தார்கள். பெயர், 'சகோதரத்துவ ஒற்றுமை நெடுஞ்சாலை'. 1991-ல் போர் வந்ததும் நோவா கிராதிஷ்காவை ஒட்டிய பகுதி போர்முனையாயிற்று. சகோதரத்துவ சாலை வருஷக்கணக்கில் மூடிக்கிடந்தது. 1995-ல்தான் முழுக்கத் திறந்தது. அந்தச் சாலையில் பெல்கிரேடுக்கும் ஸாக்ரெபுக்கும் மாறிமாறிப் போய்வந்து, இரண்டு ஊரிலும் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தவர், அந்தச் சாலையிலேயே செத்தார். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் 'ரொம்ப ஓவர்' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்புறம் ஆரம்பித்தது புனிதப் பட்டம். 2011-ல் குரூஷெவோவில் நினைவு இல்லம் திறந்தார்கள். பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வருகிறார்கள். உயிரோடு இருந்தபோது நல்ல பையனாக இருந்தவர், இறந்தபின் தேவகுமாரனாகிவிட்டார். அவர் சாப்பிட்டது, பிரார்த்தனை செய்தது, தானம் செய்தது எல்லாம் புத்தகங்களாகிவிட்டன. உயிரெழுத்துகளைப் பற்றி ஒருத்தரும் எழுதக்காணோம். 2009-ல் ஓர் ஆங்கில ஆல்பத்தையும் வெளியிட்டார்கள், அவருடைய பிறந்தநாளில். 'த ஹார்டஸ்ட் திங்' என்று. சுத்தமான வேலை, பளபளவென்று இருக்கிறது. ஸ்டாக்ஹோமிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். இறந்தவர் என்பதால் யாரும் சொல்லத் தயங்குகிறார்கள். நான் சொல்லிவிடுகிறேன்: அதில் டோஷே இல்லை. மறுபடியும் யூரோவிஷன் மேடைதான்.

ஆனால் நாடு செய்த ஒரு காரியத்தைப் பாராட்டவேண்டும். அவர் கடைசிப் பெரிய கச்சேரி நடத்திய ஸ்கோப்யே ஸ்டேடியத்துக்கு 2009-ல் 'இரண்டாம் பிலிப்' என்று பெயர் வைத்தார்கள். அலெக்ஸாண்டரின் அப்பா. கிரீஸை வெறுப்பேற்ற வைத்த பெயர். வைத்தது போலவே கிரீஸ் வெறுப்பானது. 2018-ல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தத்துக்கு வந்து, பழைய ராஜாக்களின் பெயர்களைக் கைவிடவேண்டிய நிலைமை வந்தபோது, 2019-ல் அந்த ஸ்டேடியத்துக்கு டோஷே ப்ரோயெஸ்கி பெயரை வைத்தார்கள். இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ராஜாவை இறக்கிவிட்டு, மலையூர் சிறுபான்மைப் பையன் ஒருத்தனை ஏற்றினார்கள். எந்த அண்டை நாடும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிப்பார்களா? பாதி அண்டை நாடுகளுக்கு அவன் தங்கள் மொழியில் பாடியிருக்கிறானே!

என்னைக் கேட்டால் இதுதான் அவருடைய சாதனை. உலகப் புகழ் என்று ஒன்று இருக்கிறது என்றும், அதற்கு ஒரே ஒரு வாசல்தான், அதுவும் ஆங்கில வாசல் என்றும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டோஷே இரண்டு தடவை அந்த வாசலில் போய் நின்றார். ஒருமுறை உயிரோடு, ஒருமுறை இறந்தபின். இரண்டு தடவையும் சுமாரான பாடகராகத்தான் தெரிந்தார். அவர் பெரிய ஆளானது, அடுத்த வீட்டுக்காரன் எப்படிப் பேசுகிறான் என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டதால். அடுத்த வீட்டுக்காரனும் அதற்கடுத்த வீட்டுக்காரனும் ஒருவரோடு ஒருவர் பேசாத நேரத்தில் அதைச் செய்ததால்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'போஷிலாக்', விளக்கை அணைத்துவிட்டு, முழுசாக. அப்புறம் 2007 ஆல்பத்தின் ஒரே ஒரு பாட்டை எடுத்து, மாஸிடோனியப் பதிவையும் செர்பியப் பதிவையும் அடுத்தடுத்து. மூன்றாவதாக வேண்டுமானால் யூரோவிஷன் பாட்டு. வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும். கேட்கும்போது அவர் 26 வயதில் செத்துப்போனதை ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். பாடகனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.